பின்னால நிக்க ஒரு ஆள்

இல்ல இல்ல, மொதல்ல பேர எழுது. பேரு, ஃபோன் நம்பர், வந்த நேரம். இப்ப கடைகள்லகூட யாரும் ஒழுங்காக் கேக்கிறதில்லதான். பஸ்தி அங்கிளுக்குக் கொப்பிப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு ஜிம்முக்கு வர்ற பொடியன் ரொஹான் எல்லாருகிட்டயும் சொல்லிச் சிரிக்கிறான். சிரிக்கட்டும். இந்த வாசலத் தாண்டினவன் பேரு இந்தக் கொப்பியில இருக்கணும், அவ்வளவுதான். பவாஸ்னு மொட்டையா எழுதாத, வாப்பா பேரையும் சேர்த்து எழுது. ஆங். ஒன் கையெழுத்து மட்டும் மெலியல.

ஆள்தான் மெலிஞ்சிட்டியே தம்பி. தோள் எங்க? கைய மடக்கு பாப்பம். அட கடவுளே. மாசக் கணக்கா நான் சொல்லிச் சொல்லி ஏத்தின சதை, வீடு மாறிப் போன கம்பளை ஆத்துல விட்டுட்டு வந்திட்டியா? சரி, முகத்த அப்பிடி வச்சிக்காத, சும்மா சொன்னேன். எல்லாரும் இப்பிடித்தான் வர்றானுங்க. ஒருத்தன் வயித்தோட வர்றான், ஒருத்தன் வயிறே இல்லாம வர்றான். பதிமூணு மாசம் சும்மா இல்லையே.

எண்ணி வச்சிருக்கேன்னு இல்ல. ஞாபகம் இருக்கு, அவ்வளவுதான்.

ஜிம்மும் பாரேன், பாதி துரு. மூடு மூடுன்னாங்க, மூடினேன். தொறன்னாங்க, தொறந்தேன். மறுபடி மூடு. கடைசியா பூட்டி வச்ச நேரம் கூரையில தண்ணி ஒழுகி அந்த டம்பெல் எல்லாம் செவந்து போச்சு. நானும் டொரதியும் ஒக்காந்து உப்புக் கடதாசி போட்டுத் தேய்ச்சோம். என் பொண்டாட்டி முப்பது வருஷத்துல மொத தடவையா டம்பெல்லத் தொட்டா. கீழ பேக்கரி மட்டும் ஒரு நாள் மூடல. நாலு மணிக்குப் போறணையத் தெறந்தான்னா மீன் வச்ச மாலுபாண் வாசம் நேரா இங்கதான் ஏறும். நான் இங்க கொழுப்பக் கொறைக்கச் சொல்றேன், அவன் கீழ இருந்து கூப்பிடுறான்.

சரி வா, இந்தப் பெஞ்சுல படு. வெறும் பார் மட்டும். இருபது கிலோதான். வெக்கப்படாத, இங்க யாரும் இல்ல. இந்த நேரத்துக்கு வரச் சொன்னதே அதுக்குத்தான். மூச்ச இழு, எறக்கு, ஊது. ஒண்ணு. ரெண்டு. மெதுவா. நான் பின்னாலதான் நிக்கிறேன், விழாது.

நல்லா இருக்கு. பெஞ்ச் ஆடலையே? ஆடாது. ஒன் வாப்பா வெல்ட் பண்ணின காலு. ஸெய்னுலாப்தீன் பட்டறை இரும்பு ஆட்டம் காட்டாதுன்னு இந்த அம்பிட்டிய முழுக்கத் தெரியும். கடைசியா ஒரு காலு விரிசல் விட்டிச்சுன்னு அவரே மெஷினத் தூக்கிட்டு மேல ஏறி வந்தாரு. அந்த நவம்பர். ஒனக்கும் தெரியுமே, நீதானே வயரப் புடிச்ச. ரேடியோவுல அந்தச் செய்தி போச்சு, கொரோனாவுல போனவங்கள எந்தச் சமயம்னாலும் எரிக்கத்தான் வேணும்னு. அவரு கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு என்னா சொன்னாரு? பஸ்தி, மௌத்து வந்தா போய்த்தான் ஆகணும், நெருப்பு மட்டும் வேணாம்னாரு. பெறகு ஒண்ணும் நடக்காத மாதிரி வெல்ட் பண்ணினாரு.

நீ அந்தப் பக்கம் வயரச் சுத்திக்கிட்டு இருந்த, கேட்டிருக்க மாட்ட. நான் கேட்டேன்.

ரெண்டாவது செட் படு. ஆமா, எனக்கும் வந்து போச்சு, அந்தக் கிறிஸ்மஸுக்குப் பெறகு. மூச்சு இன்னும் முழுசா வரல. மாடிப்படி ஏறினா நடுவுல ஒரு தடவ நிப்பேன். ஜிம் மாஸ்டர் நடுப்படியில நிக்கிறாரு, நல்ல விளம்பரம். ஏழு. எட்டு. போதும், வை.

ஒண்ணு கேக்கவா? கம்பளையில ரெண்டு ஜிம் இருக்கு. நல்ல ஜிம், ஏசி எல்லாம் இருக்காம். நீ என்னத்துக்கு பஸ் ஏறி, கண்டியில எறங்கி, மறுபடி பஸ் ஏறி இங்க வந்த? பழக்கமா? பழக்கம்னா சரி. இல்ல, வேற ஏதும் கேக்க வந்தியோன்னு நெனைச்சேன்.

என்னா? இன்னுமா? ஒன்கூடப் பொறந்த நானா இன்னுமா ஒன்கூடப் பேசல? ஒரே வீட்டுல இருந்துக்கிட்டா? பெருநாளைக்குக்கூடவா?

ஃபார்மசியிலயா ஒட்டிச்சுங்கிறான்?

அது வாப்பாவுக்கு இழுப்புப் பம்ப் வாங்கத்தானே நீ போன. அவருக்கு எத்தன வருஷமா இழுப்பு. மருந்து வேணாமா? கியூவுல நிக்காம கூரையில இருந்தா எடுக்கிறது? அந்தக் கியூவுல நின்னு வீட்டுக்குள்ள கொண்டு வந்தது நீதான்னு சொல்றானா? வாப்பாவ நெருப்புல போட்டது நீதான்னு? அப்பிடியேவா சொன்னான்?

உம்மா என்னா சொல்றாங்க? எழும்பித் தொழப் போயிருவாங்களா. ம்.

நீ? நீயும் அப்பிடித்தான் நெனைக்கிறியா?

இரு. தண்ணி குடி. அந்தப் போத்தல எடு. நான் அந்த ஜன்னலச் சாத்திட்டு வர்றேன், மழை அடிக்குது.

ஒன் நானா கோவத்துலயும் ஞாயம் இருக்குன்னு சொல்ல வரல, அவன் பட்டதும் லேசில்ல. ஆஸ்பத்திரி வாசல்ல அவன்தானே நின்னான். சாம்பல் வாங்க மாட்டேன், கையெழுத்தும் போட மாட்டேன்னு வெறுங்கையோட திரும்பி வந்தான்னு கேள்விப்பட்டேன். அடக்கம் பண்ணலாம்னு ரெண்டு மாசம் கழிச்சு விட்டாங்க. ரெண்டே மாசம். அதுக்கு முந்தி நானும் ஜிம் கேட்டுல வெள்ளைத் துணி கட்டினேன், ஞாபகமா? எல்லாரும் கட்டினாங்கல்ல, எரிக்காதீங்கன்னு. நம்ம சேர்ச் ஆளுங்க ரெண்டு பேரு வந்து தோளத் தட்டிட்டுப் போனாங்க. நீ அதப் படம் புடிச்சு, நன்றி அங்கிள்னு மெசேஜ் போட்ட. அந்த மெசேஜ் இன்னும் ஃபோன்ல கெடக்கு. பார்க்கவும் முடியல, அழிக்கவும் முடியல.

எழும்பு. இப்ப நான் படுக்கிறேன். நீ பின்னால நில்லு.

பரவாயில்ல, மூச்சு வாங்கினா வாங்கட்டும். அந்தப் பக்கம் பத்து கிலோ பிளேட் ஒண்ணு போடு, இந்தப் பக்கம் ஒண்ணு. இன்னும் பத்துப் பத்து. அறுபது. முந்தி இது எனக்கு வார்ம் அப். இந்தப் பெஞ்சுல நான் படுத்து எவ்வளவு நாள் தெரியுமா? நீ வராத அவ்வளவு நாளும்தான். ரொஹான் கேப்பான், நான் நிக்கிறேன் படுங்க அங்கிள்னு. வேணாம்னுருவேன்.

கிட்ட வா. இன்னும். ரெண்டு கையும் பாருக்குக் கீழ. அப்பிடித்தான். இப்ப ஒன் மூஞ்சி எனக்குத் தலைகீழாத் தெரியுது. நல்லது. நேராப் பார்த்தா எனக்கு வாய் வராது.

இதே மாதிரித்தான் நின்ன. டிசம்பர் ஆறு, ஞாயித்துக்கிழம. பூசையும் இல்ல, ஜிம்மும் பூட்டு, வீட்டுல இருக்க முடியாம எனக்குப் பைத்தியம் மாதிரி. பேராதனை வீட்டுல இருந்து நடந்தே வந்து, பின் வாசலால தெறந்து உள்ள நின்னேன். தனியா பெஞ்ச் போட முடியாது, பின்னால ஒரு ஆள் வேணும். ஒனக்குக் கோல் பண்ணினேன். நீ வர மாட்டேன்னுதான் சொன்ன. வாப்பாவுக்கு இழுப்பு, வெளிய போக வேணாங்கிறாருன்னு சொன்ன. அரை மணித்தியாலம்தானேன்னு நான்தான் கெஞ்சினேன். மாஸ்க்கையும் நான்தான் கழட்டச் சொன்னேன், மூச்சு முட்டும்னு. நான் கீழ, நீ மேல. அஞ்சு செட். ஒவ்வொரு தடவ தூக்கும்போதும் வாயத் தெறந்து ஊதினேன்ல. அவ்வளவும் ஒன் மூஞ்சிலதான் தம்பி.

செவ்வாக்கிழம எனக்குக் காய்ச்சல்.

ஆமா. கிறிஸ்மஸுக்குப் பெறகு இல்ல. அது நான் ஊருக்குச் சொன்னது. செவ்வாக்கிழம காய்ச்சல், வியாழக்கிழம பொசிட்டிவ்னு வந்திச்சு. சுகாதாரப் பரிசோதகர், நம்ம பி.எச்.ஐ. மாத்தயா, ஃபோர்மோட வாசல்ல நின்னாரு. யார் யாரப் பார்த்தீங்க, ஒரு பேரும் விடாம சொல்லுங்கன்னாரு. டொரதி பேரச் சொன்னேன். பாண் வாங்கின கடையச் சொன்னேன். த்ரீவீல்காரனக்கூடச் சொன்னேன், பாவம், அவன் பதினாலு நாள் உள்ள இருந்தான். வேற யாரும் இல்லையான்னு மறுபடி கேட்டாரு. பேனையத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. இல்லன்னேன்.

ஒன் பேரச் சொன்னா ஒங்க வீட்டுக்கு தனிமைப்படுத்த ஏத்திட்டுப் போற பஸ் வரும். ஒன்னையும் ஏத்துவாங்க, வாப்பாவையும் ஏத்துவாங்க. அந்த இழுப்போட அவர ஏத்தினா திரும்பி வருவாரோ என்னமோ, வராட்டி நெருப்பு. அவரு இந்தப் பெஞ்சுக்குப் பக்கத்துல நின்னு சொன்னது காதுல இருந்திச்சு. அவரக் காப்பாத்துறேன்னுதான் நெனைச்சேன். சத்தியமா அப்பிடித்தான் நெனைச்சேன். ஆனா பூட்டி இருக்க வேண்டிய ஜிம்ம நான் தெறந்தது தெரிஞ்சா லைசன்ஸ் போயிரும்ங்கிறதும் அந்த நேரம் மண்டையில இருந்திச்சு. எது முன்னால இருந்திச்சுன்னு பதிமூணு மாசமா என்னையே கேக்கிறேன். தெரியல. ஒரு நாளைக்கு இது, ஒரு நாளைக்கு அது.

அதுகூடப் போகட்டும். ஃபோன் கையில இருந்திச்சு. ஒனக்கு மட்டும் ஒரு கோல் எடுத்து, தம்பி எனக்கு வந்திருச்சு, நீ அறைக்குள்ள ஒதுங்கி இரு, வாப்பா பக்கம் போகாதன்னு சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் வேணும். சொல்லல. நீ நேர்மையான புள்ள, நேரா போய் பி.எச்.ஐ.கிட்டச் சொல்லிருவன்னு பயந்தேன். ஒனக்கு ஒண்ணும் வராதுன்னு மாதாகிட்ட வேண்டினேன். ஒனக்கு ஒண்ணும் வரலதான். வெறும் சளித் தடிமன். அதோட நீ வாப்பா பக்கத்துலயே ஒக்காந்து முதுகு தேய்ச்சு விட்டிருக்க. நான் கொரோனா சென்டர்ல இருந்து வீட்டுக்கு வந்த அன்னைக்குத்தான் அவரு போயிட்டாருன்னு சொன்னாங்க.

ஃபார்மசி இல்ல பவாஸ். கியூவும் இல்ல. நீ ஒரு தப்பும் பண்ணல. நான் கூப்பிட்டு நீ வந்த, அவ்வளவுதான்.

கைய எடுத்துட்டியா. சரி. எடுக்கத்தான் செய்வ.

போ, நான் மறிக்கல. போறப்ப மேசையில அந்தக் கொப்பி இருக்கு, மொதப் பக்கத்தப் பெரட்டு. அதுல ஒரே ஒரு பேருதான். டிசம்பர் ஆறு, நேரம் நாலு மணி, பவாஸ் ஸெய்னுலாப்தீன். அன்னைக்குச் சொல்லாம விட்ட பேரு. சென்டர்ல இருந்து வந்து, ஒன் வாப்பா சேதி கேட்ட அன்னைக்கு எழுதினேன். யார் கூப்பிட்டதுன்னும் எழுதி, கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன். அதக் கிழிச்சு எடுத்துட்டுப் போய் ஒன் நானாகிட்ட குடு. பி.எச்.ஐ.கிட்ட குடுக்கணும்னாலும் குடு. நாளைக்கு நானும் கம்பளைக்கு வர்றேன். உம்மா முன்னால வச்சுச் சொல்றேன்.

அந்தப் பக்கம்தான். மெதுவாக் கிழி, எழுத்துல பட்டுராம.

நான் தூக்கல, பயப்படாத. பின்னால ஆள் இல்லாம தூக்கக் கூடாதுன்னு நான்தானே எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கிறது.