நாக்குக்கு சீனியாரிட்டி இல்லை என்றவருக்கு

சுவை ஆய்வுக்கூடத்தின் சுடரே! மைசூரு மண்ணின் மாண்பே! இனிப்பை ஆராய்ந்தே வாழ்ந்தும் இனிக்கப் பேசி எவரையும் ஏய்க்காத எங்கள் முனைவர் செலுவம்பா அம்மையாரே! பணி நிறைவு பெறும் தங்களுக்குப் பணிவான வணக்கம்.

முப்பதாண்டுகளுக்கு மேலாகச் செயற்கை இனிப்புகளைச் சுவைத்துத் தரம் சொன்னீர்கள். அணுக்கள் அவையேதான், எடையும் அதுவேதான். ஆயினும் மூலக்கூறின் ஒரு பகுதி இடவலம் மாறி அமைந்துவிட்டால் அஸ்பர்டேமின் தித்திப்பு கசப்பாகிவிடும். புதிதாகச் சேருவோருக்கு இதைத் தாங்கள் விளக்கியது ஒரே வரியில்: “கோயில் வாசல்ல ரெண்டும் எடக்கால் செருப்பா மாட்டிண்டு வந்தா நடக்க முடியுமோ?”

சுவைக்கும் அறையில் தாங்கள் விதித்த மௌனம் சில நாள் எங்களை அச்சுறுத்தியதும் உண்டு. தடுப்புக்குப் பின்னே அமர்ந்து, முகம் சுளிக்காமல் சுவைத்து, இனித்தால் கிண்ணத்தை நிமிர்த்தியும் கசந்தால் கவிழ்த்தும் வைக்க வேண்டும். எல்லோரும் வைத்து முடிக்கும்வரை பேச்சே கூடாது.

அம்மௌனத்தின் பொருள் சென்ற ஆண்டுதான் விளங்கியது. நீரிழிவு நோயாளிகளின் பண்டத்துக்கென வந்த மாதிரி அது. எடைச் சோதனை குறையில்லை என்றது. தடுப்பை விலக்கினால், இளையவர்களான பூங்குழலி, ஹரிப்ரசாத் இருவரின் கிண்ணங்களும் கவிழ்ந்திருந்தன. தங்களுடையது மட்டும் நிமிர்ந்திருந்தது.

“எங்க நாக்குத்தானுங்க மேடம் கெட்டிருக்கும்” என்று தம் கிண்ணத்தை நிமிர்த்தப் போனார் பூங்குழலி.

“தொடாதே! நாக்குக்கு சீனியாரிட்டி உண்டோ?” என்றீர்கள்.

காய்ச்சல் வந்து போனது முதல் காப்பியின் கசப்பும் தெரிவதில்லை என்று அப்போதுதான் சொன்னீர்கள். “என் பேரை எடுத்துடுங்கோ. இனிமே நான் ருசி பாக்கப்படாது.”

இடவலம் பிரித்தறியும் சோதனையைத் தாங்களே செய்தீர்கள். இடவலம் மாறிய மூலக்கூறு அதில் கலந்திருந்தது. மாதிரி திரும்பிப் போயிற்று. நாடே மதித்த நாவு என்னும் பெயரைக் காத்துக்கொள்ள அன்று தாங்கள் சும்மா இருந்தாலே போதுமாயிருந்தது. மௌனத்தையே விதியாக்கிய தாங்கள், அன்று மட்டும் மௌனம் காக்கவில்லை.

நலமும் நீண்ட ஆயுளும் பெற்று வாழ்க! கசப்பும் மீளட்டும் என்று ஒருவரை வாழ்த்துவது இதுவே எங்களுக்கு முதல்முறை.

விருந்தின் முடிவில், தேவராஜ மொஹல்லாக் கடையில் அரைத்து வாங்கிய தூளில் சர்க்கரை இடாத காப்பி வரும். எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டோம். பருகி முடித்து, டம்ளரைத் தாங்கள் கவிழ்த்து வைக்கிறீர்களா என்று மட்டும் பார்த்திருப்போம்.

அன்புடன்,
சுவை ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,
மைசூரு