கூடையில் வந்த கட்டுமரம்

காலையில் திருவொற்றியூரில் ரயில் ஏறினேன். எதிர்ப் பலகையில் மீன் கூடைகளோடு இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்:

“எங்க வூட்டுக்காரரோட கட்டுமரம் இந்தக் கூடையிலதான் கீது.”

இளையவள் சிரித்தாள். “இன்னாக்கா, காலங்காத்தால?”

மூத்தவள் மீனுக்கு அடியிலிருந்து ஒரு கயிற்றுச் சுருளை இழுத்துக் காட்டினாள். “இத்த வச்சுக் கட்டினாத்தான் கட்டுமரம். இல்லாங்காட்டி நாலு கட்டை. ஒடிஞ்ச கைக்கு இப்பத்தான் கட்டு பிரிச்சிகீது. ஒரு மாசம் கடலுக்குப் போவாத, மறுபடி ஒடிஞ்சா கை வெளங்காதுன்னாரு வைத்தியரு. இவரு மறுநாளே கெளம்பிட்டாரு. அன்னிலேர்ந்து கயிறு எங்கூடத்தான் வருது.”

“வேற யாராண்டனா கேட்டு வாங்கினா?”

“குப்பம் பூரா சொல்லி வச்சிட்டேன். ஒருத்தரும் தரல. அந்தக் கோவத்துல தேங்கா நாரு வாங்கியாந்து புதுசா திரிச்சிக்கினு கீறாரு. ஒரு நாளைக்கு ரெண்டு முழம் வந்தா பெருசு.”

“ஐயோ, அந்தக் கையாலயா?”

“வெரலுக்கு வேலை குடுன்னு வைத்தியரு தலையால அடிச்சிக்கினாரு, கேட்டாரா? இப்ப பாரு, கயிறு முடியறதுக்குள்ள கை தேறிடும்.”

ராயபுரம் வந்தது. இளையவள் கூடையைத் தூக்கிக்கொண்டே கேட்டாள். “இத்த அவராண்ட சொன்னியாக்கா?”

“சொன்னா திரிப்பாரா?”