தகவல் கொடுத்தவர்: அண்ணன்

சில்லறை இல்லையென்று மிட்டாயை நீட்டுகிற கடைக்காரனிடம் நான் ஒருநாளும் மிட்டாய் வாங்கியதில்லை. ஐம்பது காசுக்காகக் கால்மணி நேரம் நின்றிருக்கிறேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். மிட்டாயை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் அவர்கள்தான். அவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, இன்ஸ்பெக்டர் அய்யா.

வாக்குமூலத்தை உங்கள் ரைட்டர் எழுதுவதாகச் சொன்னார். என் பெயரிலேயே இரண்டு பிழை விட்டார். அதனால் தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன்.

என் பெயர் வே. சங்கரபாண்டியன். வயது ஐம்பத்திரண்டு. வீடு விருதுநகரில். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருடமாக மேனேஜர். முதலாளி மாதம் இரண்டு முறை காரில் வருவார். கீழே இறங்க மாட்டார். கண்ணாடியை மட்டும் இறக்கி, "எல்லாம் சரிதானே?" என்று கேட்டுவிட்டுப் போவார். எல்லாம் சரியாக இருந்ததற்குக் காரணம் நான் என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ.

போன வருடம், 2006 செப்டம்பரில், மதுரையிலிருந்து டெல்லிக்கு நான்கு விமான டிக்கெட் எடுத்தேன். நான், மனைவி, இரண்டு மகன்கள். தீபாவளி முடிந்தால் கம்பெனியில் வேலை ஓய்ந்துவிடும். நவம்பர் கடைசியில் பயணம். பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜெய்லானி பாய் போட்டுக் கொடுத்தார். தலைக்கு ஆறாயிரத்து நானூற்று ஐம்பது. "இதுக்குக் கீழ வராது மேனேஜர் அய்யா" என்றார். நம்பினேன்.

தீபாவளி முடிந்த மறுநாள் அந்தக் கடைக்குப் போனால், வத்தல் மண்டி முகம்மது ரியாஸ் உட்கார்ந்திருக்கிறார். அதே நாள், அதே விமானம். அவர் கொடுத்தது நாலாயிரத்து ஐந்நூறு. புதிது புதிதாக விமானக் கம்பெனிகள் முளைத்து ஒன்றோடொன்று போட்டி போட்டுக் கட்டணத்தைக் குறைத்துவிட்டார்களாம்.

"என்ன மேனேஜரே, அவசரப்பட்டுட்டீகளே. வத்தல் ஏவாரிக்குத் தெரியும், எப்ப வாங்கணும்னு" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நீங்கள் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்கு பேருக்கு ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய் வித்தியாசம். ஒரே விமானம், ஒரே இருக்கை, ஒரே சாண்ட்விச். அவர் புத்திசாலி, நான் ஏமாளி. என்னை அப்படி யாரும் உட்கார வைத்துச் சிரித்ததில்லை.

வித்தியாசத்தைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். ஜெய்லானி பாய் மதுரைக்குப் போன் போட்டார். தர மாட்டார்களாம். கேன்சல் செய்து மறுபடி போடலாம். ஒரு டிக்கெட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு பிடிப்பார்கள். கடைசியில் ஆயிரத்து எண்ணூறு மிஞ்சும். "வந்த வரைக்கும் லாபம்னு வாங்கிக்கங்களேன்" என்றார். மிட்டாயை நீட்டுகிறவன் பேச்சு அது.

பிறகு அவராகவே சொன்னார். "வீட்டுல யாராச்சும் மவுத்தாப் போனா மட்டும் பிடிக்காம முழுசாத் தருவாக. சர்ட்டிபிகேட்டு வைக்கணும். அது நமக்கெதுக்கு? அல்லா காப்பாத்தட்டும்."

எனக்கு அப்பா அம்மா இல்லை. திருமங்கலத்தில் ஓர் அக்கா இருக்கிறாள். உயிரோடு இருக்கிற அக்காவைச் செத்ததாக எழுதுவது அபசகுனம். அப்படிப்பட்ட காரியத்தைச் செய்கிறவன் நான் இல்லை.

அந்த வாரம் கம்பெனியின் சம்பளப் பதிவேட்டைப் புரட்டியபோது ஒரு பெயர் கண்ணில் பட்டது. வே. ஆண்டிச்சாமி, தகப்பனார் பெயர் வேலுச்சாமி. என் அப்பா பெயரும் வேலுச்சாமிதான். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் ஒன்றாக இருந்தால் காகிதத்தில் இரண்டு பேரும் அண்ணன் தம்பி. என் அப்பா ஒரு மில்லில் கணக்குப்பிள்ளை. அவன் அப்பன் அடுத்தவர் காட்டில் களை பறித்தவன். காகிதத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. காகிதத்தின் குறை அது.

ஆண்டிச்சாமிக்கு நாற்பது வயதிருக்கும். தரைச் சக்கரம் சுற்றுகிற ஷெட்டில் பெட்டி தூக்குகிற வேலை. சொன்னதைச் செய்வான், எதையும் கேட்க மாட்டான். அவனிடமிருந்து நான் எடுத்தது என்ன? ஒன்றுமில்லை. செத்ததாக எழுதிய மறுநாளும் அவன் பெட்டி தூக்கினான். அவனுக்கு வலிக்கவா செய்தது?

அவனுடைய கிராமத்து நிர்வாக அலுவலருக்கு வருடா வருடம் தீபாவளிப் பெட்டி என் கையால்தான் போகும். ஒரு இறப்புச் சான்றிதழ் போதும், கிராமத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம் என்று சொன்னேன். 2006 அக்டோபர் 26, காய்ச்சலால் வீட்டில் மரணம். அவர் அதற்கும் பெட்டிக்கும் சரியாகப் போயிற்று என்று எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த ஆள் அரைகுறை. பொய்ச் சான்று கொடுக்கப் பயமில்லை. பதிவேட்டில் வரிசை எண் விட்டுப்போகுமோ என்று பயம். எனக்குச் சொல்லாமல் பதிவேட்டிலும் ஏற்றி, மாதாந்திரப் பட்டியலில் தாலுகாவுக்கும் அனுப்பிவிட்டார். முழு அயோக்கியனாக இருந்திருந்தால் இன்று நாம் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டோம். என்னிடம் நீட்டிய படிவத்தில் 'தகவல் கொடுத்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அண்ணன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜெய்லானி பாயிடம் தம்பி இறந்துவிட்டான் என்றேன். அந்த மனிதர் கண் கலங்கினார். "எனக்குத் தெரியாமப் போச்சே அய்யா. சொல்லியிருந்தா வந்திருப்பேனே" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இவர்களை வைத்துக்கொண்டு எப்படித் தொழில் நடக்கிறதோ. பணம் முழுதாக வந்தது. மதுரையில் வேறொரு ஏஜெண்டிடம் நாலாயிரத்து ஐந்நூறு வீதம் எடுத்துக்கொண்டு டெல்லி போய் வந்தோம். மிச்சம் ஏழாயிரத்து எண்ணூறை ஒரு கவரில் போட்டு மேசை டிராயரில் வைத்தேன். அதில் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யவில்லை. பணத்தாசை உள்ளவன் செலவு செய்திருப்பான்.

செத்தவன் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருப்பது முறையல்ல. எடுத்துவிட்டேன். அதற்குப் பின் அவனுக்குக் கொடுத்த கூலியை 'வெளியாள் ஒருவர்' என்று வவுச்சரில் எழுதினேன். கூலி ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"அய்யா, ரேசன் கடையில என்னயச் செத்துட்டேன்னு சொல்லுறாக. கார்டுல பேரை அடிச்சுட்டாக."

"நீ செத்த ஆளு மாதிரியாலே இருக்கே? நான் பேசுறேன், போ."

"அய்யா இருக்கீக, எனக்கென்ன" என்று சிரித்துக்கொண்டே போனான். கடைக்காரர் தன்னைப் பார்த்து, யார் நீ என்று கேட்டதை மூன்று நாள் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அரிசியில் கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான்.

மே மாதம்தான் தொந்தரவு ஆரம்பித்தது. அவன் மகள் மாரிசெல்வி பன்னிரண்டாவதில் ஆயிரத்துக்கு மேல் மார்க் வாங்கிவிட்டாள். அந்தக் குடும்பத்துக்கு அது எதற்கென்று தெரியவில்லை. டீச்சர் டிரெயினிங்குக்கு விண்ணப்பிக்கத் தாலுகா ஆபீசில் அப்பாவின் வருமானச் சான்று கேட்டிருக்கிறாள். அப்பா இறந்து ஆறு மாதமாயிற்றே, இறந்தவருக்கு என்ன வருமானம் என்றிருக்கிறார்கள். வியாழக்கிழமை ஆண்டிச்சாமி வந்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"திங்கக்கெழமை கலெக்டராபீசுல மனுக் கொடுக்கப் போறேன்யா. பிள்ளை எழுதித் தந்திருக்கா. யாரு என்னயச் செத்துட்டேன்னு சொன்னாகன்னு கேட்டாத் தெரிஞ்சுரும்ல?"

தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

சனிக்கிழமை, மே 26. அக்கினி நட்சத்திர வெயில். வெடிமருந்துக் கலவையைக் காலை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்பது விதி. அதைச் செய்கிறவன் கருத்தப்பாண்டி; இருபது வருடக் கை. அன்று மத்தியானம் கருத்தப்பாண்டியை விருதுநகருக்கு அனுப்பினேன். இரண்டு மணிக்கு ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டு, அவசர ஆர்டர், கலவை அறைக்குப் போ என்றேன்.

"எனக்கு அது தெரியாதேய்யா."

"பாத்துப் பழகிக்கலே. நாளைக்கு மகளைப் படிக்க வைக்கிறவன், எம்புட்டு நாளைக்குப் பெட்டி தூக்குவே? கலவைக்குக் கூலி கூட."

கூலி கூட என்றதும் அவன் முகம் மலர்ந்தது. அன்று அவன் நல்ல சட்டை போட்டிருந்தான். மனுவோடு ஒட்டுவதற்காகக் காலையில் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துவிட்டு வந்திருக்கிறான். உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாம். பாலியஸ்டர் சட்டை. கலவை அறைக்குள் பருத்தி தவிர வேறு துணி கூடாது; உரசினால் பொறி தட்டும். வாசலில் கொட்டை எழுத்தில் போர்டு வைத்திருக்கிறோம். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். சட்டையைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டே முக்காலுக்குச் சத்தம் கேட்டது.

செத்தது ஒருவர்தான். கலவை அறை மற்றக் கட்டடங்களிலிருந்து தள்ளி இருக்கிறது. அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தேன். முகம் பார்த்து அடையாளம் சொல்கிற நிலையில் உடல் இல்லை. வெளியாள் ஒருவர், பெயர் தெரியாது என்று விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னேன். வவுச்சரிலும் அப்படித்தான் இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்து ஷெட்டில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். அவன் பெண்டாட்டி முருகம்மாள் பிணவறை வாசலில் விழுந்து கிடந்தாள். உன் புருஷன் போன அக்டோபரிலேயே இறந்துவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது, இது யாரோ என்று அவளிடம் காகிதத்தைக் காட்டினார்கள். உடலும் இல்லை, நஷ்டஈடும் இல்லை.

நான் இரக்கமில்லாதவன் என்று நினைக்காதீர்கள். அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னேன். "எதுக்குச் சண்டை போடுறே? அந்தத் தேதியையே வச்சு விதவைப் பென்சனுக்கு எழுதிப் போடு. ஏழு மாசத்துப் பணம் கூடக் கிடைக்கும்லா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த ஏழு மாசமும் எங்கூட உக்காந்து கஞ்சி குடிச்சாரேய்யா" என்றாள்.

கணக்குப் புரியாதவர்களிடம் என்ன பேசுவது? வந்துவிட்டேன்.

எட்டு நாள் கழித்து மாரிசெல்வி விருதுநகரில் என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அழவில்லை, சத்தம் போடவில்லை. ஸ்டூடியோ போட்டோவையும் இறப்புப் பதிவின் நகலையும் என் மேசைமேல் வைத்தாள். போட்டோவின் மூலையில் சிவப்பாகத் தேதி விழுந்திருந்தது, 26.5.2007. அந்தச் சட்டைதான்.

"வணக்கம் பெரியப்பா" என்றாள்.

போட்டோவைக் கவிழ்த்து வைத்தேன்.

"எங்க அப்பாவுக்கு நீங்க அண்ணன்னு இதுல எழுதியிருக்கு. அப்ப எனக்குப் பெரியப்பாதான? அம்மா சொன்னா ஆஸ்பத்திரியில நம்ப மாட்டேங்காக. கூடப் பெறந்தவரு வந்து, எந்தம்பி அந்த வெடியிலதான் செத்தான்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டா, ஒடம்பைத் தருவாக. ஒரு கையெழுத்து போட்டீகள்ல. இன்னொன்னும் வந்து போடுங்க."

உள்ளே டம்ளர் ஆற்றுகிற சத்தம் நின்றது. என் மனைவியின் காதில் விழுந்துவிட்டது. பெரியப்பா. களை பறித்தவன் பேத்தி என் வீட்டுக்குள் நின்று என்னை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டாள். நடந்ததிலெல்லாம் என்னால் பொறுக்க முடியாமல் போனது அதுதான். வெளியே போ என்றேன். நேராக உங்களிடம் வந்துவிட்டாள். பிறகு ஜெய்லானி பாயும் வந்து, துக்கம் விசாரித்த கதையைச் சொல்லி அழுதிருக்கிறார்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அன்று கருத்தப்பாண்டியை எதற்கு விருதுநகருக்கு அனுப்பினேன் என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். அங்கே வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை. அவசர ஆர்டரும் இல்லை. திங்கட்கிழமை மனு போகக் கூடாது என்று முடிவு செய்து, வெயிலைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, ஆண்டிச்சாமியை அந்த அறைக்குள் அனுப்பியது நான்தான். அதற்கு என்ன பிரிவோ போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. என் மேசை டிராயரிலிருந்த கவரை நேற்று உங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஏழாயிரத்து எண்ணூறு இருக்கும். அதற்கு ரசீது தரவில்லை. வழக்கு முடிந்ததும் முழுதாகத் திருப்பித் தரும் விதி இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். எண்ணிப் பாருங்கள், அதில் அடுத்தவன் காசு ஒரு பைசா கிடையாது.