கெந்திங் வேணாம், மலாக்கா போங்க

கெந்திங் மலை எங்கயும் ஓடிடாது, தங்கச்சி. உக்காருங்க. மலாக்காவ ஒரு தடவ யோசிச்சுப் பாருங்க. இந்த ஃபேரர் பார்க்ல இருபத்தாறு வருஷமா டூர் சீட்டு போடறேன், பிள்ளைங்களுக்கு எது புடிக்கும்னு இந்த அருளானந்தத்துக்குத் தெரியாதா?

உட்லண்ட்ஸ் பார்டர்ல ஜாம் இல்லன்னா நாலு மணி நேரம். மொதல்ல குன்று மேல ஏறுங்க. போர்த்துகீசியக்காரங்க கட்டின மாதா கோயிலு, கூரையே கெடையாது. மழை வந்தா உள்ளயே நனையலாம். கீழ கோட்டை வாசல் ஒண்ணுதான் மிச்சம். பிள்ளைங்க அதுக்குள்ள பூந்து பூந்து வெளையாடும்.

ஷாப்பிங்கா? அதுக்கு ஒரு மணி நேரம் போதும் லா. சாயங்காலம் அந்தப் போர்த்துகீசியக்காரங்க குடியிருப்புக்குப் போங்க. கடலோரம். ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி வந்தவங்க வம்சம், இன்னும் சில வீட்டுல அந்தப் பழைய பாஷைதான். சுட்ட மீனு, டெவில் கறி... ஆமா, காரம்தான். பிள்ளைங்களுக்கு மீனக் குடுங்க. ஜூன் கடைசின்னா திருவிழா, படகெல்லாம் ஜோடிச்சு வச்சிருப்பாங்க, ஃபாதர் வந்து மந்திரிப்பாரு.

எத விட்டாலும் அந்தக் கடலோரத்த விட்டுடாதீங்க. அதுக்குத்தான் இவ்வளவும் சொல்றேன்.

பஸ்சு விட்டுட்டுப் போயிடுமான்னா கேக்கறீங்க? தல எண்ணாம எடுக்கவே மாட்டோம். நான் கூடப் போன காலத்துலயும் அப்படித்தான். நாப்பது சீட்டுன்னா நாப்பது தல. வீட்டு ஆளு லிஸ்ட்ல வராது, என் பக்கத்துல சும்மா உக்காந்து வரும். ஒரு நாள் அந்தக் கடலோரத்துலேர்ந்து கெளம்பறப்ப, அந்த சீட்டுல, வாந்தி வருதுன்னு ஒரு அம்மா வந்து உக்காந்துட்டாங்க. சரி, இவ பின்னாடி மாறியிருப்பான்னு நெனச்சுட்டேன். எண்ணினேன், நாப்பது. கெளம்பச் சொன்னேன். மூவார் ஊரத் தாண்டித்தான் திரும்பிப் பாத்தேன், அவ இல்ல.

என் வீட்டுக்காரிதான். உர்சுலா. மறதி நோய் அப்பத்தான் ஆரம்பிச்சிருந்துச்சு. அவ பாஸ்போர்ட்டு என் பையில. போலீஸ், கோயிலு, ஆஸ்பத்திரி எல்லாம் பாத்தாச்சு. நாலு வருஷம் ஆச்சு. இங்க சீட்டு வாங்கின அத்தன பேருகிட்டயும் சொல்லி அனுப்பியாச்சு. பாத்தேன்னு ஒருத்தரும் வந்து சொன்னதில்ல. இனிமே சொல்லவும் மாட்டாங்க, தெரியும்.

அப்ப மலாக்காதானே? இந்தாங்க சீட்டு. கூடவே அவளோட இந்தப் படத்தையும் வச்சுக்குங்க. அங்க கல்லு மேல உக்காந்து கடலப் பாத்துக்கிட்டிருப்பா. பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டா. பஸ்சு கெளம்புதுன்னு சொல்லுங்க, எந்திரிச்சு வந்துடுவா.