மேல் வரிசையில் ஒரு பீஸ்

— அண்ணா, இந்தப் புஷ் வளையத்துல மட்டும் அளவு பாக்குற கேஜ் நுழையல. ஓட்டை சின்னதா இருக்கு.

— அய்ய, அப்டியா மேடம்? இப்டி குடுங்க. அடப்பாவி! ஒண்ணொண்ணா பாத்தேனே, இது எப்டி தப்பிச்சுது?

— பொன்னுரங்கம் அண்ணா, நல்லா நடிக்கிறீங்க.

— இன்னா மேடம் சொல்றீங்க?

— ரெண்டு வருஷமா மாசாமாசம் மறைமலை நகர் ஃபேக்டரிலேருந்து உங்க பட்டறைக்கு செக் பண்ண வர்றேன். ஒவ்வொரு தடவையும் ரிஜெக்ட் சரியா ஒண்ணு. அதுவும் தட்டுல மேல் வரிசையில. மிச்சமெல்லாம் தங்கம். இது தானா நடக்குற விஷயமா?

— தோ பாருங்க மேடம், கோச்சிக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— உங்களுக்கு முன்னாடி தயாளன் சார்னு ஒருத்தர் வந்துகினு இருந்தாரு. எதனா குத்தம் கண்டுபுடிக்கிற வரிக்கும் சேர வுட்டு எந்திரிக்கவே மாட்டாரு. சாயங்காலம் வரிக்கும் டீ, வடைன்னு ஒரே பேஜாரு. ஒரு நாளு நானே கயிச்சுப் போட்ட பீச எடுத்து மேல வெச்சேன். பத்தே நிமிஷம்! கண்டுபுடிச்சாரு, லெக்சர் குட்த்தாரு, சிரிச்சிகினே பூட்டாரு. அன்னிலேந்து அதே வயக்கமாப் பூட்ச்சு.

— எனக்குமா?

— ஒண்ணுமே கெடைக்கலன்னா உங்க மேனேஜரு உங்களத்தான திட்டுவாரு, ஒயுங்கா பாக்கலன்னு?

— திட்டுவாருதான். அதனாலதான் நானும் தெரிஞ்சே பேசாம இருந்தேன். ரிப்போர்ட்ல எழுத எனக்கும் ஒண்ணு வேணுமே!

— அய்யய்யோ! அப்போ ரெண்டு வருஷமா என்னிய வேடிக்க பாத்துகினு இருந்தீங்களா?

— நீங்க ‘அடப்பாவி’ன்னு நெஞ்சுல கை வைக்கும்போது சிரிப்ப அடக்குறதுதான் கஷ்டம். ஆனா இன்னிக்கு விளையாட முடியாதுண்ணா. இது இந்த வருஷந்தான் புதுசா வந்த வருஷ ஃபாரம். ரிஜெக்ட் ஒண்ணுன்னு எழுதினாலே ஏ கிரேடு போயிடும். அப்புறம் அடுத்த வருஷம் ஆர்டர் கிடையாது.

— மேடம்! எட்டு பேரு இந்த ஆர்டர நம்பிதான் கீறாங்கோ.

— தெரியும். அதனாலதான் இன்னிக்கு வாயத் திறந்தேன். நீங்களே வெச்ச பீஸ் கணக்குல வராது. ரிஜெக்ட் பூஜ்யம்னு எழுதுறேன். ஆனா இனிமே இந்த வேலை வேண்டாம். பிரேக் பெடல்ல போற சாமான். உங்கள நம்பித்தான் நான் கையெழுத்து போடுறேன்.

— நரசிம்மர் மேல சத்தியம், இதான் கடைசி. பத்து மணிக்கு வர்ற மேடம் இன்னிக்கு ஒம்போதுக்கே வந்து நின்னுட்டீங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

— ரோடு காலியா இருந்துச்சுண்ணா. ஓகே, உங்க பாக்கெட்ல இருக்குற பேனாவக் குடுங்க.

— தோ.

— என்னண்ணா? பேனா கேட்டா பாக்கெட்ல கைய விட்டுட்டு இப்படி முழிக்கிறீங்க?

— கையெயுத்து போடாதீங்க மேடம். இன்னிக்கு மேல வெக்கறதுக்குன்னு எடுத்த பீசு... இன்னும் என் பாக்கெட்லயே கீது.