தட்டுல ரெண்டு வாட்ச்

ஹலோ, அக்கா... கேக்குதா? மெதுவாத்தான் பேசுவேன். கிளினிக்லதான் இருக்கேன், கண்ணாடி லென்ஸ் பெட்டி வைக்கிற ரூம்ல... ஆமா ஆமா, டூட்டிதான். டாக்டரம்மா உள்ள வேற பேஷன்ட் பாக்கறாங்க. நீ முதல்ல கேளு. வந்துட்டான்க்கா... யாரா? பாட்மிண்டன் கோர்ட்ல எதிர்ப் பக்கம் ஆடுவான்னு சொன்னேனே, ஒட்டகச்சிவிங்கி... ம், அவனேதான்.

இல்லக்கா, கண்ணு காட்ட வரல. என் வாட்ச்சைக் குடுக்க வந்திருக்கான்... தொலைக்கல, என் கைலதான் இருக்குன்னு நானும் ஒரு வாரமா நினைச்சிட்டிருந்தேன். மாறியிருக்கு. அதே சதுரம், அதே கறுப்பு ரப்பர் பட்டை, பட்டனை அமுக்கினா அதே மங்கல் பச்சை லைட்டு... ஆமா, அப்பா கல்யாண போட்டோல கட்டியிருப்பாரே, அதே ஜாடை. நல்ல செருப்பு விலைகூட இல்ல, பாதிப் பேரு கைல அதான் கெடக்கு... சிரிக்காத. ஆடறப்ப ரெண்டு பேரும் பெஞ்சுல கழட்டி வச்சிருக்கோம், போறப்ப ஆளுக்கொண்ணு எடுத்து மாட்டிட்டோம்.

அதான் நான் இந்த வாரம் பூரா பஸ்ஸை விட்டேன். என்னுதுல ஏழு நிமிஷம் கூட்டி வச்சிருப்பேன்ல? இவனுது ஒழுங்கா ஓடுது, அதை நம்பி நான் ஆடி அசைஞ்சு கிளம்பி... ம், டாக்டரம்மாகிட்ட தினம் பாட்டு.

அவன் கதை தலைகீழ். கார் ஒர்க்‌ஷாப்ல வேலை. ஷட்டர் சாவி அவன்கிட்ட. தினமும் லேட்டாம், மத்தவங்கல்லாம் ரோட்ல நின்னு திட்டுவாங்களாம். இந்த வாரம் இவன்தான் முதல் ஆளு. உடம்பு கிடம்பு சரியில்லையாப்பான்னு முதலாளி கேட்டாராம்.

எப்படிக் கண்டுபிடிச்சானா? பட்டை நுனில வயலட் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு காஞ்சு கெடக்கும்ல... ம். அது என் நகத்துக் கலர்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. கோர்ட் வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சு வந்திருக்கான். என் நகத்தை எப்பக்கா பாத்தான்?

இரு இரு, கூத்தையே சொல்லல. இவன் வாயைத் திறக்கறதுக்குள்ள ரிசப்ஷன் பொண்ணு டோக்கன் போட்டுடுச்சு. இவனும் கூச்சத்துல உக்காந்துட்டான். டாக்டரம்மா பாத்துட்டு சொட்டு மருந்து விடச் சொல்லிட்டாங்க... நான்தான் விட்டேன், வேற யாரு? குறி தப்பி ஒரு சொட்டு மூக்குல விழுந்துச்சு. ரெண்டு கண்ணுலயும் விட்டு முடிச்சதுக்கு அப்புறம், "ஏங்க, நான் வாட்ச் குடுக்க வந்தேன்"ங்கறான். இப்பப் பாதி திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிச் சாஞ்சிருக்கான். ரெண்டு வாட்ச்சும் இங்க என் முன்னாடி தட்டுல.

இன்னொண்ணு. ஏழு நிமிஷம் கூட ஓடறது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. சரி பண்ணியிருக்கலாமேன்னு கேட்டேன். "அது உங்க நேரம்ங்க, நான் எப்படித் தொடறது"ன்னான்... கேட்டியாக்கா?... ரெண்டு வாட்ச்சையும் தட்டுல வச்சுத் தூக்கிட்டு இந்த ரூமுக்கு ஓடி வந்துட்டேன்.

அதான் கேக்கறேன். அவனுதை அவன்கிட்டக் குடுத்தா இதோட முடிஞ்சுது... கோர்ட்ல பேசறதா? அங்க மூச்சு வாங்கவே நேரம் இல்ல. என்னுதையே மறுபடி அவன் கைல கட்டிவிட்டேன்னு வை, திரும்ப வந்துதானே ஆகணும்?... என்ன? அவன் லேட்டாகாம இருக்க அவனோடதுல ஏழு நிமிஷம் கூட்டிக் குடுக்கவா? அக்கா, உன் மூளையை யாரு இப்பக் கேட்டா? பிரச்சனை தீந்துடக் கூடாதுன்னுதானே உனக்குப் போன் போட்டேன்...

ஷ்ஷ், இரு... பீப் கேட்டுச்சா? மணிக்கு ஒருதடவை அடிக்குமே, அது. என்னுது அடிச்சிடுச்சு. அக்கா, அவன் சிரிக்கறான். கண்ணை மூடிட்டே, "அது உங்களுதுதானே"ங்கறான். கையை வேற நீட்டி வச்சிருக்கான்... போறேன், போறேன். அவனுது அடிக்க இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு, அதுக்குள்ள சொல்லு, அவன் கைல எதைக்கா கட்டிவிடட்டும்?