ஒரு துகள் குறைகிறது, சகலை

சகலையோடு ஒரே அறையில் வேலை பார்ப்பதில் பெரிய சிரமம் ஒன்றுமில்லை. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் மட்டும் உரசல் வரும். மற்றபடி தங்கமான மனுஷன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் என்பதற்காகச் சொல்லவில்லை.

எங்கள் தொழில் சூப்பர்கிராவிட்டி. ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் ஒரே வீட்டில் குடிவைக்கப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் ஆயிரம் கொள்கைகள் எழுதலாம். பெரும்பாலானவை தமக்குள்ளேயே முரண்பட்டுச் செத்துவிடும். ஆறு பரிமாணத்தில் எங்கள் வகைக் கொள்கைக்கு ஒரு சோதனை உண்டு. துகள்களைக் கூட்டிக் கழித்தால் சரியாக 273 வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் குப்பைக்கூடைதான்.

நாலு வருஷத்துக்கு முன் சகலை ஒரு புதுக் கொள்கையோடு வந்தார். அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று நான் நிரூபித்து, அது பாடப்புத்தகம் வரை போயிருந்தது. ஆகவே எனக்கு அக்கறை அதிகம். வழக்கப்படி எண்ணிக்கையைப் பிரித்துக்கொண்டோம். மின்னூட்டம் உள்ளவை அவருக்கு, இல்லாதவை எனக்கு. பட்டியலை உறையில் போட்டு ஒட்டி, மொத்தத்தை மட்டும் மேலே எழுதிக் கொடுப்போம். உள்ளே பார்த்தால் கை தானாக வேண்டிய விடைப் பக்கம் சாயும் என்பது சகலையின் கொள்கை.

பட்டியலில் ஒரு துகளையும் நான் விடவில்லை. அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. உறையின் மேல் எழுதும்போது மட்டும் ஒன்றைக் குறைத்துக்கொண்டேன்.

"ரெண்டையும் கூட்டினா 272தான் வருது சகலை," என்றேன்.

"என் பக்கம்தான் எங்கயோ உதைக்குது," என்றார்.

நாலு வருஷமும் தன் பாதியையே சரிபார்த்தார். என் உறையைப் பிரிக்கவே இல்லை. அவ்வளவு நம்பிக்கை. உடம்பு பாதியாகிவிட்டது. கொழுந்தியாள் வந்து அழுதாள்.

"மாடிப்படியக்கூட ரெண்டு தடவ எண்ணிட்டுத்தான் ஏறுறாரு. நீங்களாவது சொல்லுங்க அத்தான்."

சொன்னேன். "அவசரப்படாம இன்னொரு தடவ முதல்லேர்ந்து பாருங்க சகலை," என்று தட்டிக்கொடுத்தேன்.

போன மாதம் வேலையை விட்டுவிட்டார். மேசையைக் காலி செய்ய வந்த கொழுந்தியாள்தான் என் உறையைப் பிரித்தாள். அவளுக்கு இயற்பியல் தெரியாது. விரல் விட்டு எண்ணத் தெரியும். பிறகு நிர்வாகத்திலிருக்கும் உங்களிடம் புகாரோடு வந்திருக்கிறாள். நீங்களும் கூட்டிப் பார்த்திருப்பீர்கள். 273. அவர் கொள்கை சரி, என் நிரூபணம் தப்பு. எனக்கு அது அன்றே தெரியும்.

அவருடைய ராஜினாமாக் கடிதத்தை நீங்கள் காட்டினீர்களே, அதில் கடைசி வரி, 'என் தவறைப் பொறுமையோடு சுட்டிக்காட்டி, கடைசிவரை தோள்கொடுத்த சகலைக்கு நன்றி' என்று இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. செய்த உதவியை நினைத்துப் பார்ப்பவர்கள் இந்தத் துறையில் ரொம்பக் குறைவு.